பல்லுக் கொழுக்கட்டைக்கு வந்த தங்கை

என் தங்கை நியூ ஜெர்சியிலிருந்து கைக்குழந்தையோடு லண்டனில் இல்ஃபோர்டுக்கு வந்தது பல்லுக் கொழுக்கட்டைக்காகத்தான். இதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். பின்னால் நடந்தவற்றைக் கேள்விப்பட்டவர்கள், அவள் ஏதோ திட்டத்தோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவள் என்று பேசினார்கள். அப்படியில்லை. வந்த அன்று அவளிடம் திரும்பிப் போவதற்கான பயணச்சீட்டு இருந்தது. பிள்ளையின் தடித்த குளிர்கால உடுப்புகளைக்கூட அவள் கொண்டுவரவில்லை.

பிள்ளைக்கு முதற்பல் முளைத்ததும் எங்கள் ஆட்கள் கொழுக்கட்டை அவிப்பார்கள். பிள்ளையைப் பாயில் இருத்தி, தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடித்து, கொழுக்கட்டைகளை அதன்மேல் உதிர்த்துவிடுவார்கள். முன்னால் ஒரு தட்டில் புத்தகம், பேனை, நகை என்று வைத்துவிட்டு, பிள்ளை எதை எடுக்கிறதென்று பார்த்துச் சிரிப்பார்கள். அவ்வளவுதான் சடங்கு. என் மகளுக்கு அம்மா வீட்டில் செய்தோம். தங்கையின் மகளுக்கும் அங்கேதான் செய்யவேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்தார். தங்கையின் கணவர் மறுக்கவில்லை. "பல்லு வந்தவுடன சொல்லுங்கோ மாமி, நானும் லீவு போட்டுக்கொண்டு வாறன்" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

பல் வரவில்லை. அம்மா தினமும் காலையில் கையைக் கழுவிவிட்டுப் பிள்ளையின் முரசை, பல் முளைக்கும் ஈறை, தடவிப் பார்ப்பார். "தடிச்சிருக்கு. இந்தக் கிழமை வந்திடும்" என்பார். அந்த வாரமும் போய்விடும். தங்கை பயணச்சீட்டை மாற்றினாள். கணவர் சரியென்றார். இன்னொரு முறை மாற்றினாள். அதற்கும் சரியென்றார், ஆனால் கொஞ்சம் யோசித்த பிறகு.

ஒரு பின்னேரம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். நான் வேலையால் வந்து, மூன்று வயது மகளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தேன். சமையலறை வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"அக்கா, நான் திரும்பிப் போகேல்லை."

நான் கேட்ட கேள்விகளை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. 

"அடிக்கிறவரே?"

"இல்லை."

"குடிக்கிறவரே?"

"இல்லையக்கா. கதைக்கிறேல்லை. வேலையால வருவார், சாப்பிடுவார், பிள்ளையைத் தூக்குவார், படுப்பார். நான் எண்டு ஒரு ஆள் அந்த வீட்டில நிக்கிறதே தெரியாத மாதிரி. நான் என்னத்தைச் சொல்லி ஆரிட்ட முறையிட?"

அவள் அழவில்லை. மகளின் கோப்பையிலிருந்து ஒரு வெண்டிக்காய்த் துண்டை எடுத்துத் தின்றாள். பிறகு கேட்டாள்:

"எவ்வளவு காலம் இஞ்ச நிண்டா, பிள்ளை இந்த ஊர்ப் பிள்ளை எண்டு சட்டம் சொல்லும்?"

நான் சட்டம் படித்தவள். வழக்கறிஞர் அல்ல. பட்டம் முடித்தபின் உள்ளூராட்சிக் கவுன்சிலில் வேலை கிடைத்தது. வாடகைக்காரர்களின் முறைப்பாடுகளைப் பார்க்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் அந்த வேறுபாடு ஒருவருக்கும் தெரியாது. வேகமாகக் கார் ஓட்டியதற்குத் தண்டம் வந்தாலும், பக்கத்து வீட்டுக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டாலும், "வீட்டுக்குள்ள லோயர் இருக்கேக்க வெளியில ஏன் தேடுவான்?" என்பார்கள். நானும் ஒருநாளும் தெரியாதென்று சொன்னதில்லை. மூத்த பிள்ளை. கேட்டால் பதில் சொல்லத்தானே வேண்டும்.

ஒரு கையில் சோற்றுக் கோப்பை இருக்க, மறு கையால் தொலைபேசியில் தேடினேன். பிள்ளை ஆறு மாதம் தொடர்ந்து வாழ்ந்த மாநிலத்தின் நீதிமன்றமே அதன் வழக்கைக் கேட்கும் என்று ஓர் இணையப் பக்கத்தில் ஒரு பந்தி இருந்தது.

"ஆறு மாசம் எண்டு போட்டிருக்கு" என்றேன்.

அந்தப் பந்திக்குக் கீழேயும் எழுத்து இருந்தது. மகள் தண்ணீரைத் தட்டி ஊற்றிவிட்டாள். நான் துணி எடுக்கப் போனேன். தண்ணீர் கொட்டாமல் இருந்திருந்தால் கீழே வாசித்திருப்பேனா? தெரியாது. மனிதர் தங்களுக்கு வேண்டியதோடு வாசிப்பதை நிறுத்திவிடுவார்கள் என்பதை முறைப்பாடுகள் பார்க்கும் எனக்குத் தெரியாமலில்லை.

தங்கை தலையாட்டினாள். அவள் மனதுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. இன்னும் கொஞ்சக் காலம் கழிந்தால் பிள்ளை அவளோடு லண்டனில் இருந்துவிடும் என்று அவள் நம்பத் தொடங்கியது அந்தப் பின்னேரத்தில்தான். நம்பவைத்தவள் நான்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமை அம்மா வீட்டில் நான் பிள்ளைக்கு வாழைப்பழம் மசித்துத் தீத்தினேன். கரண்டி எதிலோ இடித்தது. சின்னஞ்சிறு சத்தம். விரலை விட்டுப் பார்த்தேன். கீழ் முரசில், அரிசி முனையைப் போல, கூராக ஒன்று.

"அம்மா!" என்று கூப்பிட்டேன். சந்தோசமாகத்தான் கூப்பிட்டேன்.

அம்மா ஓடிவந்தார். பார்த்தார். உடனே கதவை மெல்லச் சாத்தினார். முன்னறையில் அப்பா தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தரிட்டையும் சொல்லாத."

"ஏனம்மா?"

தங்கை அலுமாரிக்குப் பக்கத்தில் நின்று உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "எனக்கு முந்தியே தெரியும் அக்கா. பால் குடுக்கேக்க கடிச்சவள்."

பல் வந்தால் கொழுக்கட்டை. கொழுக்கட்டை முடிந்தால் பயணம். பல் வராவிட்டால் பயணமில்லை. இதில் ஒரு சட்டமும் இல்லை. எங்கள் வீட்டுக் கணக்கு. ஆனால் அதன்மேல் நான் சொன்ன ஆறு மாதத்தை ஏற்றிவைத்து, அம்மாவும் தங்கையும் அதில் சாய்ந்துகொண்டு நின்றார்கள். பல் வந்ததை அப்பாவுக்குச் சொல்லவில்லை. அப்பாவின் வாயில் ஒன்றும் நிற்காது.

மறுநாள் தங்கையின் கணவர் காணொளி அழைப்பில் வந்தார். தங்கை குளித்துக்கொண்டிருந்தாள். தொலைபேசியை நான் எடுத்தேன். பிள்ளை திரையைப் பார்த்துக் கையைக் காலை அடித்தது. அவர் நாக்கைக் காட்டி, கண்ணை உருட்டி, என்னென்னவோ சத்தமெல்லாம் போட்டார். கதைக்காதவர் என்று என் தங்கை சொன்ன மனிதர். 

"அக்கா, பல்லு வந்திட்டுதோ?"

"இன்னும் இல்லைத் தம்பி."

"ஆ… பரவாயில்லை. அவசரமில்லைதானே."

பிள்ளை அந்த நேரம் சிரித்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும். நான் பிள்ளையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். அப்படிச் சாய்த்தது தற்செயல் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். தற்செயல் இல்லை.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். "இஞ்சரும், நாளைக்கு நான் எங்கட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டை போய் நிண்டிட்டு, பல்லு இன்னும் வரேல்லை எண்டு சொன்னா, நீர் என்ன செய்வீர்?" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். நான் மகளின் அறைக்குப் போய், காரணமில்லாமல் அவளுடைய போர்வையைச் சரிசெய்தேன்.

அவர்தான் வழியும் பார்த்தார். அவருடைய நண்பர் ஒருவர் மூலமாக நியூ ஜெர்சியில் குடும்ப வழக்குகள் பார்க்கும் ஒரு தமிழ் வழக்கறிஞரைப் பிடித்தார். தமிழ்நாட்டுப் பெண். அடுத்த சனிக்கிழமை, எங்களுக்கு மதியம், அவருக்குக் காலை. அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தொலைபேசியை ஒலிபெருக்கியில் வைத்துவிட்டுச் சுற்றி இருந்தோம். அம்மா, அப்பா, தங்கை, நான். தங்கை பிரிய நினைப்பதை அதற்குள் அப்பாவுக்கும் சொல்லியிருந்தோம், பல்லை மட்டும் சொல்லவில்லை. தங்கையின் மடியில் பிள்ளை. என் மகள் மேசைக்குக் கீழே.

வழக்கறிஞர் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அப்பா தொடங்கிவிட்டார்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர் வாழ்க்கை முழுக்கச் சமஷ்டி, அதாவது கூட்டாட்சி, பற்றிப் பேசியவர். கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் பேசுவார். இலங்கையில் எங்கள் சனத்துக்குச் சமஷ்டி கிடைத்திருந்தால் நாங்கள் இல்ஃபோர்டில் வந்து குளிரில் நிற்கத் தேவையில்லை என்பது அவருடைய முடிந்த முடிபு. ஆகவே சமஷ்டி ஏற்கெனவே இருக்கும் ஒரு நாட்டின் வழக்கறிஞரிடம் அவருக்குக் கதைக்க நிறைய இருந்தது.

"பிள்ளை, நாங்கள் இந்த மாநில நீதிமன்றத்தை விட்டிட்டு நேர மத்திய அரசிட்டப் போனா என்ன? மத்தியின்ர நீதிபதி சொன்னா மாநிலம் கேக்கத்தானே வேணும்?"

"அங்கிள், இதுல பெரியவங்க சின்னவங்கன்னு இல்லை. வேலையைப் பிரிச்சு வச்சிருக்காங்க. டிவோர்ஸ், குழந்தை யார்கிட்ட இருக்கணும், இதெல்லாம் ஸ்டேட் கோர்ட். ஃபெடரல் ஜட்ஜ்கிட்ட போய் 'குழந்தையைக் குடுங்க'ன்னு கேட்டீங்கன்னா, 'இது என் வேலை இல்லை'ன்னு திருப்பி அனுப்பிடுவார்."

"அப்ப மத்திக்கு என்ன வேலை?"

"உங்க பொண்ணோட கிரீன் கார்டு. அது முழுக்க ஃபெடரல். ஸ்டேட் ஜட்ஜ் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் அதைக் குடுக்க முடியாது. அவங்க கார்டு இப்ப கண்டிஷன்ல இருக்கு. புருஷனும் சேர்ந்து கேட்டாத்தான் நிரந்தரமாகும். இல்லைன்னா டிவோர்ஸ் ஆயிடுச்சுன்னு காட்டித் தனியா கேக்கலாம். அந்த டிவோர்ஸ் ஆர்டர் ஸ்டேட் கோர்ட்லேருந்துதான் வரணும்."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "அப்ப ரெண்டு பேரும் ஆளாளை எட்டிப் பாத்துக்கொண்டு நிக்கினம். இதையே நாங்கள் இவ்வளவு வருஷமாக் கேட்டனாங்கள்?"

அம்மா முழங்கையால் அவரை இடித்தார். தொலைபேசிக்கு அந்தப் பக்கம் வழக்கறிஞர் சிரித்தார். தங்கைகூடச் சிரித்தாள். கடைசியாக நாங்கள் எல்லாரும் ஒன்றாகச் சிரித்தது அப்போதுதான்.

தங்கை முன்னுக்குச் சாய்ந்தாள். "மேடம், ஆறு மாசம் இஞ்ச நிண்டா பிள்ளையின்ர கேஸ் இஞ்ச வந்திடும்தானே?"

"யார் சொன்னாங்க?"

தங்கை என்னைப் பார்க்கவில்லை. அதற்காக அவளுக்கு நான் நன்றி சொல்லவேண்டும்.

"நீங்க விசிட்டுக்குத்தானே போனீங்க? விசிட்டுக்குன்னு வெளியூர்ல இருந்த நாளும் நியூ ஜெர்சில இருந்த மாதிரிதான் கணக்கு. குழந்தையோட அப்பா இன்னும் இங்கதானே இருக்கார்? அதனால கேஸ் இங்கேயே இருக்கும். அவர் லண்டன் கோர்ட்ல குழந்தையைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்கவும் முடியும். அதுக்கு நாடுகளுக்குள்ள ஒப்பந்தம் இருக்கு. லண்டன் ஜட்ஜ் குழந்தை யார்கிட்ட வளரணும்னு பாக்க மாட்டார். எந்த ஊர் கோர்ட் முடிவு பண்ணணும்னு மட்டும் பாப்பார். 'நியூ ஜெர்சிக்கு அனுப்பு'ன்னுதான் சொல்வார்னு நான் நினைக்கிறேன்."

நான் வாசிக்காமல் விட்ட பகுதி இதுதான்.

"சரி, குழந்தையை எதுக்காக லண்டன் கூட்டிட்டுப் போனீங்க? எப்ப திரும்பறதா பேச்சு?"

"பல்லுக் கொழுக்கட்டைக்கு" என்றார் அம்மா. அது என்னவென்று விளக்கினார். வழக்கறிஞருக்கு அந்த வழக்கம் புதிது; ஆர்வமாகக் கேட்டார். "அழகா இருக்கே! சரி, பல் வந்துடுச்சா?"

"இன்னும் வரேல்லை" என்றார் அப்பா. அவருக்குத் தெரிந்த உண்மையைத்தான் சொன்னார்.

அம்மா மேசை விரிப்பின் ஓரத்தை இழுத்து நேராக்கினார். தங்கை பிள்ளையின் காலுறையைக் கழற்றி மறுபடி போட்டாள். பொய்யே சொல்லாத அப்பாவின் வாயால் எங்கள் பொய் ஒரு வழக்கறிஞருக்குப் போய்ச் சேர்ந்தது. அதை அவர் எழுதிக்கொள்வார். பின் ஒரு நாள் ஒரு நீதிபதி முன்னால் என் தங்கை அதையே சத்தியம் பண்ணிச் சொல்லவேண்டி வரும். படித்த அளவுக்கு இது எனக்குத் தெரியும்.

"வந்திட்டுது" என்றேன். "பல்லு வந்திட்டுது. நான்தான் கண்டனான்."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"குழந்தையோட அப்பாவுக்குத் தெரியுமா?" என்று வழக்கறிஞர் கேட்டார். அவருடைய குரல் மாறியிருந்தது.

"தெரியாது. கேட்டவர். இல்லையெண்டு சொன்னனான்."

வழக்கறிஞர் மெதுவாகச் சொன்னார்: "பாருங்கம்மா. ஸ்டேட் கோர்ட்ல ஜட்ஜ் பாக்கற விஷயங்கள்ல ஒண்ணு, அம்மா குழந்தையை அப்பாகிட்ட இருந்து மறைக்கிறாங்களா, அப்பா அம்மாகிட்ட இருந்து மறைக்கிறாராங்கறது. இந்தப் பொண்ணு குழந்தையைப் பாத்துக்கறவங்க, பால் குடுக்கறவங்க. குழந்தை அவங்ககிட்ட இருக்கறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. இதை மாதிரி விஷயங்களால அதைக் கெடுத்துக்காதீங்க. அவர் கேஸ் போடறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க. நீங்களே திரும்பி வாங்க. தனி வீடு எடுத்து இருந்துகிட்டு இங்க கேளுங்க."

தொலைபேசியை வைத்ததும் தங்கை எழுந்தாள்.

"உனக்கு என்ன அவசரம், வாயைத் திறக்க?"

"நாளைக்கு நீ சத்தியம் பண்ணிச் சொல்ல வேண்டி வந்தா…"

"ஆறு மாசம் எண்டும் நீதான் சொன்னனி. இப்ப போ எண்டும் நீதான் சொல்லுறாய். உனக்கென்ன? உன்ர பிள்ளை மேசைக்குக் கீழ விளையாடுது."

அம்மா, "விடு பிள்ளை, அவள் உன்ர நன்மைக்குத்தான்…" என்று தொடங்கினார். 

"நீங்களும் கதைக்காதேங்கோ அம்மா. கதவைச் சாத்தினது நீங்கள்."

அப்பா கேட்டார்: "என்னட்ட ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?" அதற்குப் பதில் எங்கள் மூவரிடமும் இருந்தது.

தங்கை தானே கணவரிடம் சொல்வாள் என்று அன்றிரவு வரை எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. மறுநாள் வழக்கம்போல் அவர் அழைத்தபோது அவள் தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். "நீதானே சொல்லவேணும் எண்டு நிக்கிறாய். சொல்லு."

நான் பிள்ளையைத் திரைக்கு முன்னால் பிடித்தேன். "தம்பி, பல்லு வந்திட்டுது. போன கிழமை நீங்கள் கேக்கேக்கையும் வந்திருந்தது. நான் பொய் சொன்னனான்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வடிவா ஒருக்காக் காட்டுங்கோ அக்கா."

பிள்ளையின் கீழ் உதட்டை விரலால் இறக்கிக் காட்டினேன். அதற்குள் பக்கத்தில் இன்னொன்றும் எட்டிப் பார்த்தது.

"நீங்கள் ரெண்டாம் முறை டிக்கெட் மாத்தினாப் பிறகு இஞ்ச ஒரு லோயரைப் பாத்தனான். உடன கேஸ் போடச் சொன்னவர்" என்றார் அவர். "பல்லு வரட்டும், அதுவரைக்கும் நிக்கட்டும் எண்டு நான்தான் மறிச்சனான். கூட வேலை செய்யிற ஆக்கள் சிரிச்சவை. பல்லுக்காக ஒருத்தி அத்திலாந்திக்கைத் தாண்டி நிக்கிறாளோ எண்டு. உங்களுக்கு விளங்காது, இது எங்கட வழக்கம் எண்டு சொன்னனான்."

நான் தொலைபேசியைத் தங்கையிடம் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். தண்ணீரைத் திறந்துவிட்டேன். வெளியே அவர்கள் பேசும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது. அவர்கள் இரண்டு பேரும் அவ்வளவு நேரம் பேசிக்கொண்டது அதுவரை நடந்திருக்கவில்லை என்று தங்கை பிறகு அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். சேருவதற்காகப் பேசவில்லை. எப்படிப் பிரிவது என்று பேசினார்கள்.

அவர் லண்டனுக்கு வந்தார். கொழுக்கட்டை அவித்தோம். அம்மா தேங்காய்ச் சொட்டுத் துண்டுகளைப் பல்லு மாதிரிக் கீறிக் கொழுக்கட்டைகளில் குத்தினார். அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் வெள்ளைத் துணியைப் பிடித்தோம். என் மகள் ஓடிவந்து தட்டிலிருந்த பேனையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பிள்ளை வீரிட்டு அழுதது. எல்லாரும் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சிரித்தோம். தங்கை என் பக்கம் பார்க்காமலே கொழுக்கட்டைத் தட்டை எனக்கு நீட்டினாள்.

அடுத்த கிழமை மூவரும் ஒரே விமானத்தில் போனார்கள்.

அங்கே போனபின் நடந்தவை எனக்கு அம்மா வழியாகத்தான் தெரியும். தங்கை ஒரு சிறிய தொடர்மாடி வீடு எடுத்தாள். இரண்டு பேரும் வழக்கறிஞர் வைத்து, பேசி எழுதி, மாநில நீதிமன்றத்துக்குக் கொடுத்தார்கள். பிள்ளை தங்கையோடு வளர்வதற்கு நீதிபதி சம்மதித்தார். தகப்பனுக்கும் நாட்கள் ஒதுக்கினார். அதற்குமேல் ஒன்று: இருவரும் சம்மதிக்காமல், அல்லது நீதிமன்றம் அனுமதிக்காமல், பிள்ளையை அந்த மாநிலத்தை விட்டு வேறெங்கும் கொண்டுபோய்க் குடியேற முடியாது. 

அதாவது தங்கைக்குப் பிள்ளை கிடைத்தது. லண்டன் கிடைக்கவில்லை. அவள் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வரலாம், பிள்ளையை விட்டுவிட்டு. அவள் வரமாட்டாள்.

குடியிருப்பு அனுமதி இன்னும் முடியவில்லை. அது மத்திய அரசின் அலுவல். மாநில நீதிபதி அவளை அந்த மாநிலத்திலேயே பிள்ளையோடு இரு என்கிறார். அங்கே இருக்க அவளுக்கு நிரந்தர உரிமை உண்டா என்பதை வேறொரு கட்டிடத்தில், வேறொருவர், தன் நேரத்துக்குப் பார்த்துச் சொல்வார். இதைப் பற்றி அப்பா இப்போது ஒன்றும் பேசுவதில்லை. ஒருமுறை நான் சொல்லத் தொடங்கியபோது, "விடு பிள்ளை, எனக்கு விளங்கீட்டுது" என்றார். சமஷ்டி பற்றியும் அவர் முன்னைப்போல் பேசுவதில்லை. அதையும் நான்தான் எடுத்துவிட்டேனோ என்று நினைக்கிறேன். சிலவேளை வயதாகிவிட்டது, அவ்வளவுதான்.

தங்கை வேலைக்குப் போகவேண்டியிருந்தது. பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. அம்மா போகிறேன் என்றார். 

நான் வேலைக்குப் போகும் நாட்களில் என் மகளைப் பார்ப்பவர் அம்மாதான். அவர் போகிறேன் என்று சொன்னதும் எனக்கு முதலில் வந்த எண்ணம், "அப்ப என்ர பிள்ளை?" என்பது. வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டு, "ஓமம்மா, கட்டாயம் போங்கோ. அவளுக்குத்தான் இப்ப ஆள் வேணும்" என்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருக்கும். 

மகளை நேர்சரியில் விட்டேன். முதல் நாள் அவள் என் மேலங்கியைப் பிடித்துக்கொண்டு, "அம்மம்மாட்டப் போவம்" என்று அழுதாள். நேர்சரிப் பெண், நான் நின்றால் இன்னும் அழுவாள் என்றார். நான் போவதுபோல் போய், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். வேலைக்குப் பிந்திப் போனேன். என் தங்கையிடம் நான் எடுத்ததற்கு இது ஈடாகாது என்று பேருந்தில் நினைத்தேன். ஈடாக வேண்டுமென்று என் பிள்ளையையும் ஏன் இழுத்தேன் என்று பிறகு நினைத்தேன். 

அம்மா அங்கே மூன்று மாதத்துக்குள்தான் நிற்கலாம். பிறகு வந்து திரும்பப் போகவேண்டும். கிழமையில் பல நாட்கள் நான் மதிய இடைவேளையில் அழைக்கிறேன். அங்கே காலை. போன வியாழக்கிழமை அம்மா எடுத்தார். பின்னால் பிள்ளையின் சத்தமும், ஏதோ தட்டு உருளும் சத்தமும் கேட்டன.

"சாப்பிட்டனியே பிள்ளை? சின்னவள் எப்பிடி? அழுகிறவளே?"

"இல்லையம்மா. இப்ப பழகீட்டாள்." பொய்தான். இன்னும் அழுகிறாள்.

"இஞ்ச ஒருத்தருக்கும் உன்னில கோவமில்லை. நீ அதை நினைச்சுக்கொண்டிராத."

கோபம் பற்றி நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. 

அப்போது தங்கையின் குரல் கேட்டது: "ஆரம்மா?"

"அக்கா."

தங்கையின் காலடி தொலைபேசியை நெருங்கி வருவதும் நிற்பதும் எனக்குக் கேட்டது.

"இவளை இப்ப தகப்பன் வந்து ஏத்துவார். உடுப்பு மாத்தி வெளிக்கிடுத்த வேணும்" என்றாள் தங்கை. "பிறகு எடுக்கிறன் எண்டு சொல்லுங்கோ."

"பிறகு எடுக்கிறாளாம்" என்றார் அம்மா.

"கேட்டதம்மா" என்றேன். "ஓம். பிறகு எடுக்கட்டும்."

அலுவலகச் சமையலறையில் என் சாப்பாடு நுண்ணலை அடுப்பில் சுற்றி நின்றுவிட்டிருந்தது. இன்னொருவர் காத்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டுவிட்டு எடுத்தேன். தொலைபேசியின் சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன்.